சேலத்தில் ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது: பொட்டலம், டப்பா, இளநீர் – எது எதற்கு?

சித்திரை வெயில் ஏறியதும் ஐந்து ரோட்டிலிருந்து அம்மாப்பேட்டை வரை எந்த மெடிக்கலில் நின்றாலும் காதில் விழும்: "ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுங்ணா." கேட்பவர் கைக்குழந்தைக்குப் பேதி என்று ஓடி வந்த அப்பாவாக இருக்கலாம். மசக்கையில் எதையும் வாயில் வைக்க முடியாமல் கிடக்கும் மருமகளுக்காக வந்த மாமியாராக இருக்கலாம். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த மகளுக்குத் தெம்பாக ஏதாவது வாங்க வந்த அம்மாவாகவும் இருக்கலாம். மூன்று பேரின் தேவையும் வேறு வேறு. கையில் கிடைப்பதோ பெரும்பாலும் ஒன்றுதான்.

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயிற்றுப்போக்குக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி வரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு முழு மதிப்பெண். அதே அலமாரியில் ஸ்ட்ரா ஒட்டி நிற்கும் இனிப்பு 'எனர்ஜி' டப்பாக்களுக்கு இந்த வேலையில் மதிப்பெண் கிடையாது. கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ தினமும் தாகத்துக்குக் குடிக்க இரண்டுமே வேண்டாம். நல்ல தண்ணீர் போதும்.

பொட்டலத்துக்குள் இருப்பது நான்கே பொருள்கள். ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். ஆரஞ்சு வாசனை சேர்த்த பிராண்டுகளில் எடை 21, 22 கிராம் வரை போகும், அது குறையல்ல. 2002-க்கு முன்பு இருந்த பழைய கலவையில் உப்பும் குளுக்கோஸும் கூடுதல். அதைக் குறைத்த பிறகு குழந்தைகளுக்கு வாந்தியும், பேதியின் அளவும், டிரிப்ஸ் ஏற்றும் தேவையும் குறைந்தன.

குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக மட்டுமே நுழையும் ஒரு வழி இருக்கிறது. அவை உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். கடுமையான பேதியிலும் இந்த வழி அடைபடாது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகவே கொடுக்க வைத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அந்த மருந்துதான் இன்று இருபது ரூபாயை ஒட்டிய விலையில் நம் தெருமுனையில் கிடைக்கிறது.

இனிப்பு டப்பா இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். டப்பாவைத் திருப்பி ஊட்டச்சத்துப் பட்டியலைப் பாருங்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை 8 கிராம் என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 80 கிராம். பொட்டலத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் இறங்கினால், உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பேதி கூடும். உப்போ தேவையான அளவுக்கு இருக்காது. குழந்தை ஆசையாகக் குடிக்கிறதே என்று நான்கு டப்பா கொடுத்து, சாயங்காலம் கண் குழிந்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடுவது இப்படித்தான் நடக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட, கலவை சரியாக இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளை முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியது இதன் பின்னால் இருக்கிறது. பெயர் போனாலும் டப்பா போகவில்லை. கேட்பவரின் பழக்கமும் மாறவில்லை. அதனால் கடையிலேயே சரிபார்க்க ஒரு வழி: உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து. அதன் உறையில் 'ஓரல் ரீஹைட்ரேஷன் சால்ட்ஸ் ஐ.பி.' என்ற பெயரும் மருந்து உற்பத்தி உரிம எண்ணும் இருக்கும். டப்பா பானம் உணவுப் பொருள். அதில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும். அந்த 14 இலக்கத்தைப் பார்த்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியான கலவையிலேயே, மருந்து உரிமத்துடன், கலந்து வைத்த திரவமாகவும் சில கம்பெனிகள் விற்கின்றன. பயணத்துக்கு அது வசதி. திறந்தபின் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கடையில் வாங்க வசதி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசப் பொட்டலம் கிடைக்கும். வாசனையும் இல்லை, பளபளப்பும் இல்லை. குணத்தில் கடைப் பொட்டலத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. "கவர்மென்ட்டு பாக்கெட்டு" என்று ஒதுக்கி வைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பொருள் சரி. தவறு நடப்பது கலக்கும் இடத்தில். சந்தையில் இரண்டு அளவுகள் உண்டு. சுமார் 21 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சுமார் 4 கிராம் சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பார்க்க ஒரே நிறம், ஒரே படம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு ஏறிவிடும். கைக்குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் கூடி வலிப்பு வரை போகலாம். "குழந்தை கொஞ்சம்தானே குடிக்குது" என்று ஒரு ஸ்பூன் பொடியை மட்டும் எடுத்துக் கலப்பதும் தவறு. நான்கு பொருள்களும் உறைக்குள் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஸ்பூனில் எது எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிரித்துவிட்டால் முழுப் பொட்டலமும் ஒரே தடவையில் தண்ணீருக்குள் போயாக வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் 200 மில்லி பொட்டலம் வாங்குவது நல்லது. வீணாவதும் குறையும், பங்கு பிரிக்கும் ஆசையும் வராது.

அளக்கச் சொம்பை நம்பாதீர்கள். வீட்டுக்கு வீடு சொம்பு மாறும், டம்ளரும் மாறும். கடையில் வாங்கிக் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதனால் அளந்து, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும் பாட்டில்களில் 750 மில்லியும் உண்டு என்பதால் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். பொடியைப் போட்டபின் கொதிக்க வைக்கக் கூடாது. உறையின் மூலைகளில் பொடி ஒட்டியிருக்கும். விரலால் சுண்டிவிட்டு முழுதும் கொட்டுங்கள். பொடி வெள்ளையாக, உதிரியாக இருக்க வேண்டும். கல்லாகக் கட்டியிருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றி வாங்குங்கள். கரைத்ததும் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் தண்ணீர் அளவு குறைந்திருக்கிறது; கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சர்க்கரை, தேன், ஜூஸ், பால் எதையும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு. கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். மேட்டூர் காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிறதென்றால் குடிக்கவும் கலக்கவும் அதை எடுத்துக் கொதிக்க வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லையே என்ற கவலை இங்கே வேண்டாம். வேண்டிய உப்பு பொட்டலத்தில் இருக்கிறது. கேன் தண்ணீரானாலும் கைக்குழந்தைக்கென்றால் ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றுங்கள்.

இனி, யாருக்கு என்ற கேள்வி. ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு, சேலத்துக் கத்திரி வெயிலிலும், தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். வெயில் கூடினால் குழந்தை அடிக்கடி மார்புக்கு வரும். அதுதான் அதன் தாகம். தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு நிரம்பிப் பால் குறையும், கிருமி உள்ளே போகும், கூடுதலாகக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்குப் பவுடரைக் குறைத்துத் தண்ணியாகக் கலப்பதும் இதே ஆபத்துதான். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கூவி விற்கும் கழுதைப் பால், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

ஓ.ஆர்.எஸ். வாங்குவதற்கு முன்னால் அது பேதிதானா என்று பார்க்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பச்சிளம் குழந்தை மஞ்சளாக, தண்ணியாக, சின்னச் சின்ன விதை போன்ற திப்பிகளோடு ஒரு நாளைக்குப் பல தடவை போவது இயல்பு. குழந்தை நன்றாகக் குடித்து, எடை ஏறி, கலகலப்பாக இருந்தால் மருந்து தேவையில்லை. வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று தண்ணீராகப் பீய்ச்சி அடித்தால்தான் பேதி. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கும் அளவு இதுதான். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதும் ஐந்து டீஸ்பூன். ஆனால் இந்த வயதில் பேதி என்றாலே டாக்டரிடம் போக வேண்டும், ஸ்பூனால் கொடுப்பது போகும் வழியில். இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் ஐந்து வயது வரை 100 முதல் 200 மில்லி. ஃபீடிங் பாட்டில் வேண்டாம். ஸ்பூன் அல்லது பாலாடை போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகத் தொடருங்கள். "குடிச்சதெல்லாம் வெளிய வந்துடுச்சு" என்று கைவிடுவதுதான் பெரிய தவறு. அவசரமாக ஊற்றினால்தான் வாந்தி வரும்.

உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தால், கண் குழிந்து அழுதாலும் கண்ணீர் வராவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டதும் மடிப்பு மெதுவாக இறங்கினால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால், பொட்டலம் போதாது. உடனே 108. தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் தூக்கிக்கொண்டு போகும் அந்த இரண்டு மணி நேரத்தில் குழந்தை கைமீறிப் போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கிறது.

பிறந்த முதல் வாரம் தனிக் கதை. முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் நிறக் கறை தெரிவது சகஜம். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் பால் போதவில்லை. அந்த நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். டயப்பர் போட்டால் எண்ணிக்கை தெரியாது. சந்தேகம் வந்த நாளில் பழைய பருத்தித் துணி கட்டி எண்ணிப் பாருங்கள். பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, மூன்றாம் நான்காம் நாளில் உடம்பு கொதித்தாலோ, "சூடு, தண்ணி குடு" என்று பெரியவர்கள் சொன்னாலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிதான். பால் போதாமையா, கிருமித் தொற்றா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

கர்ப்பிணிகளுக்கு வருவோம். வயிற்றில் குழந்தை வளர வளர ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. பனிக்குட நீரும் சேர்கிறது. உணவில் வருவதையும் சேர்த்து நாளுக்கு 2.3 லிட்டர் என்பது ஐரோப்பியக் கணக்கு, 3 லிட்டர் என்பது அமெரிக்கக் கணக்கு. தறிக்கூடத்திலும் கட்டட வேலையிலும் வெயிலடிக்கும் ஓட்டு வீட்டிலும் இருப்பவர்களுக்கு இரண்டுமே போதாது. மூத்திரம் வெளிறிய மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம்தான் கருக்கும், மூத்திரம் அடர்ந்து போனால் அது தண்ணீர்க் குறைவு. ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவு என்று சொன்னால் இளநீர்தான் மருந்து என்று தேடி ஓடுகிறார்கள். சாதாத் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதே நீரை ஏற்ற உதவும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கூடவே டாக்டர் காரணத்தையும் பார்க்க வேண்டும்.

மசக்கை வாந்திக்கும் பேதிக்கும் ஓ.ஆர்.எஸ். கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானதே. மடக்மடக்கென்று குடிக்காமல், ஐந்து நிமிடத்துக்கு இரண்டு வாய். குளிரவைத்தால் குமட்டல் குறைவாக இருக்கும். 24 மணி நேரமாக எதுவுமே தங்காவிட்டால், எடை ஐந்து சதவீதம் இறங்கினால், எழுந்தால் தலை சுற்றினால் அட்மிட் ஆக வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு குளுக்கோஸ் டிரிப்ஸுக்கு முன் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும். தெருமுனையில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ்" ஏற்றிக்கொண்டு வருவது இதனால் ஆபத்து.

ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது. அதனால்தான் தாகத்துக்குத் தினமும் குடிக்க வேண்டாம் என்கிறோம். பி.பி. இருப்பவர்கள், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும். சர்க்கரை உள்ள கர்ப்பிணிக்குப் பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், ஒரு 200 மில்லி டம்ளரில் குளுக்கோஸ் 2.7 கிராம்தான். கால் வீங்குகிறது என்று தண்ணீரைக் குறைப்பது தப்பு. முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அன்றைக்கே பி.பி. பாருங்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் உணவோடு சேர்த்து 2.7 லிட்டர். "தண்ணி குடிச்சா வயிறு வெச்சுடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று பத்தியத்தில் தண்ணீரை நிறுத்தும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அம்மாயி அன்பால்தான் சொல்கிறார். ஆனால் பலன் மலச்சிக்கலும் மூத்திரக் கடுப்பும் தலைவலியும். வெந்நீர்தான் என்றால் வெந்நீரே கொடுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். குழந்தை வாய் வைத்ததும் தாய்க்கு நாக்கு வறளும்; கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். தாகத்துக்கு மேல் குடித்தால் பால் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. பால் கூடுவது குழந்தை அடிக்கடி குடித்தால்தான்.

மற்றவை சுருக்கமாக. இளநீர்: பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். கர்ப்பிணிக்கும் தாய்க்கும் நல்ல பானம், பேதிக்கு மாற்று அல்ல. உப்பு மோர்: வெயிலுக்கு மிக நல்லது. அரிசிக் கஞ்சியும் நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சியும் உப்புப் போட்டு, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பேதியின்போது ஓ.ஆர்.எஸ்.ஸோடு கூடவே கொடுக்கலாம். பாக்கெட் கிடைக்காத நடுராத்திரியில் லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். விடிந்ததும் பொட்டலத்துக்கு மாறுங்கள், இதில் பொட்டாசியம் இல்லை. கரும்புச் சாறும் ஐஸ் போட்ட சர்பத்தும் கர்ப்பிணிக்கு வேண்டாம். கெட்ட தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ மஞ்சள் காமாலை, கடைசி மூன்று மாதத்தில் தாயின் உயிரையே எடுக்கக் கூடியது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இரண்டு விஷயம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் கொதிக்காமல் கொடுக்காதீர்கள். அடுத்தது, குளிரில் தாகம் தெரியாது. தண்ணீரின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணிக்குக் காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், நல்ல டிகாஷனில் போட்ட காப்பி இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்வது பத்திரம். எஸ்டேட் வீடுகளில் நாலைந்து பொட்டலம் எப்போதும் இருப்பது அவசியம்; இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் நேரத்தில் குழந்தைக்குக் கொடுக்க வேறு மருந்தில்லை.

கடைசியாக, கடையில் கேட்டால் ஒழிய யாரும் எடுத்துத் தராத ஒன்று: ஜிங்க் மாத்திரை, தண்ணீரில் கரையும் 20 மில்லிகிராம். குழந்தைக்குப் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸோடு இதையும் வாங்க வேண்டும். இரண்டு முதல் ஆறு மாதம் வரை தினம் அரை மாத்திரை, தாய்ப்பாலில் கரைத்து. ஆறு மாதத்துக்கு மேல் முழு மாத்திரை, தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ. மூன்றாம் நாளே பேதி நின்றுவிடலாம். அப்போதும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் பேதி திரும்ப வருவதை அது குறைக்கும்.